செட்: ஒரு சின்னச் சொல் இறுகின கதை

"எனக்கும் அவனுக்கும் செட் ஆகேல்ல."

"கொங்கிறீட் செட் ஆகட்டும், அதுக்குப் பிறகு மேல ஏறலாம்."

"அவங்கள் நாலு பேரும் ஒரு செட்."

"விடிய நாலு மணிக்கு அலாம் செட் பண்ணிட்டன்."

யாழ்ப்பாணமோ மட்டக்களப்போ வெள்ளவத்தையோ, ஒரு நாளைக்குள் இந்த நாலு வசனமும் எங்கள் காதில் விழும். சொல்கிறவர் ஆங்கிலம் கதைக்கிறேன் என்று நினைத்துச் சொல்வதில்லை. தமிழ்தான் கதைக்கிறார். ஆங்கிலத்தில் மூன்றே எழுத்துள்ள ஒரு வினைச்சொல், எங்கள் வாய்க்குள் வந்து, எங்கள் 'ஆகு'வோடும் 'பண்ணு'வோடும் ஒட்டிக்கொண்டு நன்றாகவே வேலை செய்கிறது.

பள்ளிக்கூடத்தில் இந்தச் சொல்லை எங்களுக்குப் படிப்பித்தது ஒரே வரியில்: செட், செட், செட். இறந்தகாலத்திலும் மாறாது, மனப்பாடம் செய்யத் தேவையில்லை, சந்தோஷம். ஆனால் அகராதியைத் திறந்தால் தலை சுற்றும். வைத்தல், பதித்தல், நிர்ணயித்தல், அஸ்தமித்தல், உறைதல், இறுகுதல் என்று பட்டியல் முடியாமல் போகும். சூரியன் மறைவதற்கும் சீமெந்து இறுகுவதற்கும் என்ன சம்பந்தம்? எப்படி இரண்டுக்கும் ஒரே சொல்? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியின் பின்னால் போகிறது. போகிற வழியில் ஒரு வெளிச்சவீடு, ஒரு மேசன், ஒரு தகரக் கொட்டில் எல்லாம் வரும்.

இருப்பதும் இருத்துவதும்

பழைய ஆங்கிலத்தில், அதாவது 1066 இல் நோர்மன்கள் இங்கிலாந்தைப் பிடிப்பதற்கு முந்திய ஆங்கிலத்தில், 'சிற்றன்' என்றால் இருத்தல், உட்காருதல். 'செற்றன்' என்றால் ஒருவரை அல்லது ஒன்றை இருக்கச் செய்தல். இன்றைய 'சிட்'டும் 'செட்'டும் இந்த இரண்டின் பிள்ளைகள். ஜேர்மன் மொழியில் இன்றைக்கும் 'சிற்சன்', 'செற்சன்' என்று அதே சோடி இருக்கிறது.

தமிழ் தெரிந்தவருக்கு இது புதுமையே அல்ல. இரு, இருத்து. அமர், அமர்த்து. நட, நடத்து. உருள், உருட்டு. தானாகச் செய்வது தன்வினை, செய்ய வைப்பது பிறவினை. எங்களிடம் இந்த முறை இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆங்கிலத்தில் அது எப்போதோ செத்துவிட்டது. சிட்-செட், லை-லே, ஃபோல்-ஃபெல் மாதிரிச் சில சோடிகள் மட்டும் எச்சமாக மிஞ்சியிருக்கின்றன. மரம் விழுவதற்கு ஒன்று, மரத்தை விழுத்துவதற்கு மற்றது.

ஆக, 'செட்' என்றால் அடிப்படையில் 'இருத்து'. இதிலிருந்து 'இறுகு' என்ற பொருளுக்கு எப்படிப் போனது? மூன்று படியாகப் பார்க்கலாம்.

முதல் படி, ஒன்றை ஓரிடத்தில் வைப்பது. மேசையில் கோப்பையை வைப்பது. இரண்டாவது படி, இனி அசையாதபடி வைப்பது. மோதிரத்தில் கல் பதிப்பது, வேலிக்குக் கதியால் ஊன்றுவது, முறிந்த எலும்பைப் பொருத்திக் கட்டுவது, கலியாணத்துக்கு நாள் குறிப்பது, சாமானுக்கு விலை வைப்பது. இதெல்லாம் ஆங்கிலத்தில் 'செட்'தான். பொருள் வேறு வேறாகத் தெரிந்தாலும் உள்ளே இருக்கிற எண்ணம் ஒன்று: ஆடிக்கொண்டிருந்ததை ஒரு நிலைக்குக் கொண்டுவருவது.

மூன்றாவது படியில்தான் விளையாட்டு. அதுவரை யாரோ ஒருவர் எதையோ 'செட்' செய்தார். இப்போது அந்த எழுவாய் காணாமல் போகிறது. பொருளே எழுவாயாகிறது. எலும்பு செட் ஆகிறது, ஜெலி செட் ஆகிறது, சாந்து செட் ஆகிறது. யாரும் கை வைக்கவில்லை. அது தானாகவே தன் இடத்தில் 'இருந்து'விட்டது. பிறவினையாகப் பிறந்த சொல், தன்வினையாகத் திரும்பி வந்துவிட்டது.

சூரியனின் கதையும் இதுதான். பழைய ஆங்கிலத்தில் மாலைப்பொழுதுக்கு ஒரு சொல் இருந்தது: 'செற்ல்காங்'. 'செற்ல்' என்றால் இருக்கை, 'காங்' என்றால் போதல். சூரியன் தன் இருக்கைக்குப் போகிறான். அந்த இருக்கையிலிருந்துதான் 'செற்றில்' என்ற சொல்லும் வந்தது. குடியமர்தல், வண்டல் அடியில் படிதல், வழக்குத் தீர்தல் எல்லாம் அதன் பொருள்கள். 'செற்றில்மென்ட்' என்பதை நாங்கள் 'குடியேற்றம்' என்று மொழிபெயர்த்தோம். இந்தத் தீவில் அந்தச் சொல்லின் பின்னால் எவ்வளவு அரசியல் படிந்து கிடக்கிறது என்று சொல்லத் தேவையில்லை. ஒருவரை ஓரிடத்தில் இருத்துவது என்பது சும்மா ஒரு இலக்கண விஷயம் அல்ல.

தமிழில் இதற்கு அருகில் வருகிற ஒரு சொல் இருக்கிறது: உறை. தயிர் உறைகிறது, நெய் உறைகிறது, இரத்தம் உறைகிறது. அதே 'உறை' பழந்தமிழில் வாழ்தல், தங்குதல். உறைவிடம், உறையுள் என்று இன்றைக்கும் எழுதுகிறோம். கோயிலில் இறைவன் உறைகிறான். சட்டியில் தயிர் உறைகிறது. இரண்டும் ஒரே வேரா, வேறு வேரா என்பதை மொழியியலாளரிடம் விடலாம். ஓரிடத்தில் தங்குவதையும் கெட்டியாவதையும் ஒரே ஒலியால் சொல்ல ஆங்கிலக் காதுக்கும் தமிழ்க் காதுக்கும் கூச்சம் இருக்கவில்லை என்பது மட்டும் தெரிகிறது.

குசினிச் சொல்லும் படிச்ச சொல்லும்

1066 க்குப் பிறகு இங்கிலாந்தில் அரசும் நீதிமன்றமும் பிரெஞ்சு பேசின. தேவாலயமும் படிப்பும் இலத்தீன் பேசின. வயலிலும் குசினியிலும் சனம் ஆங்கிலம் பேசியது. இதனால் இறுகுதலுக்கே ஆங்கிலத்தில் இரண்டு வரிசைச் சொற்கள் சேர்ந்தன.

மேல் வரிசையில் 'கொன்ஜீல்' இருக்கிறது. இலத்தீனில் உறைபனியைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. 'ஜெலி'யும் அதே வேர்தான். 'கோஅகியுலேட்' இருக்கிறது. அதன் மூலமான இலத்தீன் சொல், பாலைத் திரைய வைக்கப் போடும் உறைப்பொருளின் பெயர். வைத்தியர் இரத்தம் உறைவதைப் பற்றி எழுதும்போது, தெரியாமலே ஒரு பால்காரனின் சொல்லை எழுதுகிறார். 'கொன்கிரீட்' என்பது 'சேர்ந்து வளர்ந்தது' என்ற இலத்தீன் சொல். நூற்றாண்டுகளாக அது தத்துவக்காரரின் சொல்லாக இருந்து, 19 ஆம் நூற்றாண்டில்தான் கட்டடப் பொருளின் பெயரானது. 'சொலிடிஃபை' இன்னும் பிந்தி, 18 ஆம் நூற்றாண்டின் கடைசியை அண்டிப் பிரெஞ்சிலிருந்து வந்தது.

கீழ் வரிசையில் பழைய ஆங்கிலச் சொற்கள்: 'ஹார்டன்', 'ஸ்டிஃபன்', 'செட்'. மேசனும் சமையல்காரியும் பிடித்துவைத்த சொற்கள்.

எங்கள் விஞ்ஞானப் புத்தகத்தை நினைத்துப் பாருங்கோ. அங்கே 'திண்மமாதல்'. வீட்டில் 'இறுகுது', 'உறையுது', 'கட்டிபட்டிட்டுது'. பரீட்சைக்கு ஒரு சொல், வாழ்க்கைக்கு ஒரு சொல். ஆனால் ஆங்கிலத்தில் ஒரு விஷயம் வித்தியாசமாக நடந்தது. தொழில் வளர்ந்தபோது பொறியியலாளர் இலத்தீன் சொல்லைத் தேடிப் போகவில்லை. மேசனின் 'செட்'டை அப்படியே எடுத்து, அதற்கு அளவுகோல் வைத்தார்கள். அது எப்படி என்று பார்க்க, கடலுக்குப் போக வேண்டும்.

தண்ணிக்குள் இறுகும் சாந்து

இங்கிலாந்தின் பிளிமத் துறைக்கு வெளியே, கரையிலிருந்து ஏறக்குறைய 14 கிலோமீற்றர் தள்ளி, எடிஸ்டோன் என்ற பாறைத்தொடர் இருக்கிறது. கப்பல்களுக்கு எமன். அங்கே கட்டிய ஒரு வெளிச்சவீட்டை 1703 புயல் கொண்டுபோனது. அடுத்ததாகக் கட்டிய மர வெளிச்சவீடு 1755 இல் எரிந்தது. பிறகு ஜோன் ஸ்மீற்றன் என்ற பொறியியலாளரைக் கூப்பிட்டார்கள்.

ஸ்மீற்றன் கல்லால் கட்ட முடிவெடுத்தார். சிக்கல் சாந்தில் வந்தது. சாதாரணச் சுண்ணாம்புச் சாந்து காற்றில் உள்ள காபனீரொட்சைட்டை இழுத்துத்தான் மெல்ல மெல்ல இறுகும். அலை அடிக்கிற பாறையில் அதற்கு அவகாசம் இல்லை. அடுத்த வற்றுப்பெருக்குக்குள் சாந்து கழுவுப்பட்டுவிடும்.

1756 அளவில் அவர் வெவ்வேறு இடத்துச் சுண்ணாம்புகளை எடுத்து, குழைத்து, சின்னச் சின்ன உருண்டையாகப் பிடித்து, தண்ணிக்குள் போட்டுப் பார்த்தார். எது கரைகிறது, எது நிற்கிறது? அப்போது ஒன்று தெரியவந்தது. மிகச் சுத்தமான சுண்ணாம்புக்கல் நல்ல சாந்தைத் தரவில்லை. களிமண் கலந்த, 'அழுக்கான' சுண்ணாம்புக்கல்தான் தண்ணிக்குள் இறுகியது. அத்தோடு இத்தாலியிலிருந்து எரிமலைச் சாம்பலையும் எடுப்பித்துக் கலந்தார். பழைய உரோமர் துறைமுகம் கட்டப் பாவித்த அதே வகைச் சாம்பல்.

1759 இல் வெளிச்சவீடு எழுந்தது. நூறு வருசத்துக்கு மேல் நின்றது. கடைசியில் அதைக் கழற்ற வேண்டி வந்தது, ஆனால் காரணம் சாந்து அல்ல. கோபுரம் அப்படியே இருக்க, அதன் கீழே இருந்த பாறையைக் கடல் அரித்துவிட்டது. 1882 இல் பக்கத்துப் பாறையில் புது வெளிச்சவீடு வேலை செய்யத் தொடங்கியது. ஸ்மீற்றனின் கோபுரத்தின் மேற்பகுதியைக் கழற்றிக் கொண்டுவந்து பிளிமத் கரையில் திரும்பவும் நிறுத்தினார்கள். அடிக்கட்டை இன்றைக்கும் கடலுக்குள் நிற்கிறது.

1824 ஒக்டோபரில், லீட்ஸ் நகரத்தைச் சேர்ந்த ஜோசப் அஸ்ப்டின் என்ற மேசன் ஒரு செயற்கைக் கல்லுக்கு ஆக்கவுரிமை எடுத்தார். இங்கிலாந்தின் போட்லண்ட் பகுதியில் வெட்டும் கட்டடக் கல்லைப்போல இருக்கும் என்று சொல்லி, அதற்குப் 'போட்லண்ட் சீமெந்து' என்று பெயர் வைத்தார். இன்றைய சீமெந்து இன்னும் கூடிய வெப்பத்தில் சுடப்படுவது. அந்த மாற்றம் அவருடைய மகன் வில்லியம் காலத்தில், 1840 களில்தான் வந்தது. பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

இறுக்கத்தை அளக்கிற வேலையைச் செய்தவர் பிரெஞ்சுப் பொறியியலாளர் லூயி விக்கா. அவர் பெயரால் ஒரு ஊசி இருக்கிறது. குழைத்த சீமெந்தின் மேல் பாரம் ஏற்றிய மெல்லிய ஊசியை விடுவார்கள். ஊசி கடைசிவரை இறங்காமல் அடியை அண்டி நின்றுவிட்டால் அது முதல் இறுக்கம். ஊசி உள்ளே போகாமல் மேலே அடையாளம் மட்டும் விட்டால் அது கடைசி இறுக்கம். இந்த இரண்டையும் ஆங்கிலப் பொறியியல் 'செட்' என்றே சொல்கிறது. அதற்குப் பிறகு மாதக்கணக்கில் நடக்கிற வலுப்பெறுதலுக்கு வேறு சொல், 'ஹார்டன்'. முதலாவது, உருவம் இனி மாறாது என்ற கட்டம். இரண்டாவது, பாரம் தாங்கும் என்ற கட்டம். கொங்கிறீட்டின் வலுவை வழக்கமாக 28 ஆம் நாளில் சோதிப்பதும் இதனால்தான்.

இந்த வேறுபாடு புத்தகத்துக்கு மட்டும் உரியது அல்ல. எங்கள் வீடுகளில் "சீமெந்து காயட்டும்" என்று சொல்வோம். ஆனால் சீமெந்து காய்வதால் இறுகுவதில்லை. தண்ணியோடு இரசாயனமாகச் சேர்ந்து இறுகுகிறது. தண்ணி போய்விட்டால் அந்த வேலை பாதியில் நிற்கும், வெடிப்பு விழும். அதனால்தான் நல்ல மேசன்மார் சாக்கைப் போட்டு, பாத்தி கட்டி, நாள்கணக்காகத் தண்ணி விடச் சொல்கிறார்கள். 'காய' விட்டவன் வீட்டில் வெடிப்பு, நனைத்தவன் வீட்டில் உறுதி. ஒரு சொல்லைப் பிழையாக விளங்கினால் சுவரும் பிழைக்கும்.

இன்னொன்று, குழைத்ததற்கும் முதல் இறுக்கத்துக்கும் நடுவில் கொஞ்ச நேரம்தான் இருக்கிறது. அந்த நேரம் வேண்டும் என்பதற்காகத்தான் ஆலையில் சீமெந்தோடு கொஞ்சம் ஜிப்சம் அரைக்கிறார்கள். இல்லாவிட்டால் தண்ணி பட்டவுடனேயே இறுகிவிடக்கூடும். அந்த இடைவெளிக்குள் எந்த உருவமும் கொடுக்கலாம். இறுகத் தொடங்கின பிறகு தண்ணி விட்டுத் திரும்பக் குழைத்தால் பார்வைக்கு இளகும், வலு போய்விடும்.

இந்தச் சரித்திரத்தில் எங்களுக்கும் ஒரு பக்கம் இருக்கிறது. யாழ்ப்பாணக் குடாநாடு நிற்பதே சுண்ணாம்புக்கல்லின் மேல்தான். அந்தக் கல்லை நம்பி காங்கேசன்துறையில் எழுந்த சீமெந்து ஆலை 1950 இல் உற்பத்தியைத் தொடங்கியது. 1990 இல் யுத்தத்தோடு மூடியது. இன்று அதன் எச்சத்தைப் பார்க்கிற பிள்ளைகளுக்கு, வடக்கின் கல்லே ஒரு காலத்தில் பைகளில் நாடு முழுக்கப் போனது என்பது கேள்விப்பட்ட கதை மட்டும்தான்.

தகரக் கொட்டிலும் துண்டுத்தாளும்

இனி அகராதிக்கு வருவோம். 1857 இல் லண்டன் மொழியியல் சங்கம் ஆங்கிலத்துக்கு ஒரு முழு அகராதி வேண்டும் என்று பேசத் தொடங்கியது. பிற்காலத்தில் 'ஒக்ஸ்போட் ஆங்கில அகராதி' என்று பெயர் பெற்றது அதுதான். 1879 இல் ஜேம்ஸ் மரே பதிப்பாசிரியரானார். ஸ்கொட்லாந்தில் ஒரு தையல்காரரின் மகன். 14 வயதில் பள்ளிக்கூடம் விட்டவர். வீட்டு வளவில் ஒரு தகரக் கொட்டில் போட்டு, அதற்குள் புறாக்கூடு மாதிரித் தட்டுகள் அடித்து வேலையைத் தொடங்கினார்.

அவருடைய முறை இதுதான். வாசிக்கிறவர்கள் எல்லாரும் உதவ வேண்டும் என்று பகிரங்கமாக அழைப்பு விட்டார். ஒரு புத்தகத்தில் ஒரு சொல் பாவிக்கப்பட்ட வசனத்தைக் கண்டால், அதைத் துண்டுத்தாளில் எழுதி, புத்தகத்தின் பெயரையும் ஆண்டையும் போட்டு அனுப்புங்கள். ஆசிரியர்கள், பாதிரிமார், வீட்டில் இருந்த பெண்கள், கொலை வழக்கில் மனநல விடுதியில் அடைக்கப்பட்டிருந்த ஒரு அமெரிக்க இராணுவ வைத்தியர் என்று பலர் அனுப்பினார்கள். மரேயின் பிள்ளைகள் அந்தத் தாள்களை அகர வரிசைப்படுத்திக் கொடுத்தார்கள். முதல் பகுதி 1884 இல் வந்தது. கடைசிப் பகுதி 1928 இல். மரே 1915 இலேயே காலமாகிவிட்டார்.

'செட்' வருகிற எழுத்தைக் கவனித்தவர் ஹென்றி பிராட்லி. இவரும் பல்கலைக்கழகம் போனவர் அல்லர். ஷெஃபீல்ட் நகரத்தில் கத்தி, கரண்டி செய்கிற ஒரு கம்பனியில் இருபது வருசம் கிளாக்காக இருந்தவர். தானாகவே மொழிகளைப் படித்தவர். அகராதியின் முதல் பகுதி வெளிவந்தபோது அவர் எழுதிய விமர்சனத்தைப் பார்த்துத்தான் அவரை வேலைக்கே எடுத்தார்கள்.

1989 இல் இரண்டாம் பதிப்பு 20 தொகுதியாக வந்தபோது அதிலே மிக நீளமான பதிவு 'செட்' என்ற வினைதான். 430 க்கும் மேற்பட்ட பொருள்கள், ஏறக்குறைய 60,000 சொற்கள். ஒரு சிறு நாவல் அளவு. பிறகு அகராதியைத் திருத்தும் வேலை தொடர்ந்தது. 2011 இல் 'ரன்' என்ற வினைக்கு 645 பொருள்கள் என்று கணக்கு வந்தது. 'செட்'டின் முதலிடம் போனது. அசையாமல் இருத்துகிற சொல்லை, ஓடுகிற சொல் முந்திவிட்டது என்று பகிடியாகச் சொல்லலாம்.

இதில் முக்கியமானது எண்ணிக்கை அல்ல. அந்த 430 பொருளையும் மரேயோ பிராட்லியோ தீர்மானிக்கவில்லை. சனம் பாவித்ததை அவர்கள் எழுதி வைத்தார்கள். மேசனின் 'செட்', சமையல்காரியின் 'செட்', அச்சுக்கோப்பவரின் 'செட்', தோட்டக்காரரின் 'செட்' எல்லாம் ஒரே பதிவில், ஆண்டு வாரியாக. தோட்டக்காரர் பூ காயாவதை 'செட்' என்கிறார். நாங்கள் 'காய் பிடிச்சிட்டுது' என்கிறோம். எவ்வளவு அழகான சொல்! ஆனால் எங்கள் 'பிடி'க்கு அப்படி ஒரு பதிவு இருக்கிறதா? காய் பிடிக்கிறது, அடிப்பிடிக்கிறது, சளி பிடிக்கிறது, பேய் பிடிக்கிறது, படம் பிடிக்கிறது, உன்னைப் பிடிக்கிறது. ஒவ்வொன்றும் எந்தக் காலத்தில், எந்த ஊரில், யார் வாயில் தொடங்கியது?

எங்கள் சொற்கள் யாரிடம்?

எங்களிடம் அகராதி மரபு இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். 1842 இல், ஒக்ஸ்போட் அகராதியைப் பற்றிய பேச்சே தொடங்குமுன், மானிப்பாயில் அமெரிக்க மிஷன் அச்சகத்தில் ஒரு தமிழகராதி அச்சாகியது. யாழ்ப்பாண அகராதி என்றும் மானிப்பாய் அகராதி என்றும் சொல்வார்கள். அதன் பின்னால் சந்திரசேகர பண்டிதர் போன்ற உள்ளூர் அறிஞர்களின் உழைப்பு இருந்தது. 1862 இல் மிரோன் வின்ஸ்லோவின் தமிழ்-ஆங்கில அகராதி சென்னையில் வந்தது. அதற்கான சேகரிப்பும் யாழ்ப்பாணத்தில்தான் தொடங்கியது. அவருடைய மனைவி ஹரியற் வின்ஸ்லோ உடுவிலில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கியது 1824 இல். லீட்ஸில் அஸ்ப்டின் சீமெந்துக்கு ஆக்கவுரிமை எடுத்த அதே வருசம். பிறகு சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 தொடக்கம் 1936 வரை ஆறு தொகுதியாக வெளிவந்தது.

பெரிய வேலைகள். ஆனால் இவற்றில் செய்யுளும் நிகண்டும் பெற்ற இடத்தை மேசனும் கள்ளிறக்குகிறவரும் பெறவில்லை. பதநீரைக் காய்ச்சி, பதம் பார்த்து, குட்டானில் வார்த்து இறுக விடுகிறவருக்கு, 'இன்னும் இறுகேல்ல' என்பதற்கும் 'முறுகிட்டுது' என்பதற்கும் நடுவில் உள்ள கணம் தெரியும். மட்டக்களப்பில் எருமைத் தயிர் உறைய வைக்கிறவர் சட்டியைச் சரித்துப் பார்த்தே ஆடுகிற தயிரையும் அமர்ந்த தயிரையும் பிரித்துச் சொல்வார். முறிவு நெரிவு வைத்தியர் எலும்பு பொருந்தியதற்கு ஒரு சொல்லும், ஊறிக் கூடியதற்கு இன்னொரு சொல்லும் வைத்திருப்பார். இந்த வேறுபாடுகள்தான் விக்காவின் ஊசி அளந்தவை. எங்கள் ஊசி விரலிலும் நாக்கிலும் இருந்தது. அதை எழுதி வைக்கத்தான் ஆள் இருக்கவில்லை.

இந்த இடத்தில் ஒரு பழைய சண்டை வரும். 'செட் ஆகேல்ல' என்று சொல்வதை விட்டு நல்ல தமிழில் சொல்லுங்கோ என்பார்கள். இதில் எனக்கு உடன்பாடு குறைவு. 'செட்' எங்களிடம் வந்தது எங்கள் இலக்கணத்துக்கு அடங்கித்தான். ஆங்கிலத்தில் ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போகவில்லை என்பதற்கு இந்தச் சொல்லைப் பாவிப்பதில்லை. அந்தப் பொருள் எங்கள் ஆக்கம். இன்னும் ஒரு விசேஷம், 'ஒரு செட் உடுப்பு', 'நாலு பேர் செட்' என்கிறபோது வருகிற 'செட்' வேறு வழியால் வந்தது. அது இலத்தீனில் பின்பற்றுவோர் கூட்டத்தைக் குறித்த சொல், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்து பழைய 'செட்'டோடு கலந்தது. ஆங்கிலேயரே இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள். ஆங்கிலம் பிரெஞ்சுக்கும் இலத்தீனுக்கும் கதவைத் திறந்துவிட்ட மொழி. அப்படியிருந்தும் 'செட்' அழியவில்லை. காரணம் யாரும் அதற்குக் காவல் இருந்ததல்ல. அந்தச் சொல்லால் வேலை செய்கிறவர்கள் அதை விடவில்லை. பிறகு ஒருவர் கொட்டில் போட்டு அதை எழுதி வைத்தார்.

கவலைப்பட வேண்டியது வேறு இடத்தில். 'செட்' வருவதால் 'இறுகு' சாகாது. பதநீர் காய்ச்சுகிற கை இல்லாமல் போனால்தான், அதோடு பதம் என்ற சொல்லின் பாதிப் பொருள் போகும். எங்கள் தலைமுறைக்கு முந்தியவர்கள் இடம்பெயர்ந்து, கடல் கடந்து, தொழில் மாறி இருக்கிறார்கள். ஊரோடு இருந்த சொற்கள் ஊரை விட்ட பிறகு எவ்வளவு காலம் நிற்கும்? தெற்கில் ஆங்கிலத்தைக் 'கடுவ', அதாவது வாள், என்று சிங்களப் பெடியள் சொல்வதுண்டு; தெரிந்தவன் தெரியாதவனை வெட்டுகிற ஆயுதம் என்ற அர்த்தத்தில். அந்த வாளுக்குப் பயந்து நாங்கள் ஆங்கில அகராதியை மனப்பாடம் செய்கிறோம். அந்த அகராதியைச் செய்தவர்கள் எப்படிச் செய்தார்கள் என்பதைப் படிப்பதில்லை.

அவர்கள் செய்தது துண்டுத்தாள் வேலை. அதற்கு இன்றைக்குத் தகரக் கொட்டில்கூடத் தேவையில்லை. கையில் ஃபோன் இருக்கிறது. வீட்டில் அம்மம்மா தொதல் கிண்டும்போது என்ன சொல்கிறா, கட்டட வேலைக்கு வருகிற அண்ணை சாந்துக்கு எத்தனை சொல் வைத்திருக்கிறார், தோட்டத்தில் வேலை செய்கிற அக்காமார் கொழுந்துக்கு என்னென்ன பெயர் சொல்கிறார்கள் என்று கேளுங்கோ. சொல், அவர் சொன்ன முழு வசனம், ஊர், தொழில், திகதி. இவ்வளவும் இருந்தால் அது ஒரு தாள். சொன்னவரிடம் அனுமதி கேட்டு எழுதுங்கோ. நூறு பேர் மாதம் பத்துத் தாள் எழுதினால் ஒரு வருசத்தில் பன்னிரண்டாயிரம் வரும்.

குழைத்த சாந்துக்கு இருப்பதுபோல இதற்கும் ஒரு கால அளவு இருக்கிறது. எழுபது, எண்பது வயதுக்காரர் எங்களோடு இருக்கும்வரைதான் கேட்கலாம். தொடங்க நினைக்கிறவர்களுக்கு முதல் தாளுக்கு ஒரு சொல் தருகிறேன்: 'இறுகு'. உங்கள் வீட்டில் எது எது இறுகும், எது உறையும், எது கட்டிபடும், எது பிடிக்கும்? கேட்டு எழுதுங்கோ.